மோட்டார்க் கண்ணாடித் துடைப்பான்: தேய்ந்த மூட்டுகளைச் செப்பனிடும் முறை

புணே நகரிலிருந்து மும்பை செல்லும் பழைய நெடுஞ்சாலை, கிர்க்கி என்று முன்னாளில் வழங்கிய கட்கியைக் கடந்து, முளா ஆற்றின் மேலுள்ள ஹாரிஸ் பாலத்தை அடைவதற்குச் சற்று முன்னர் போபோடியின் ஊடே செல்கிறது. பாலத்திற்கு அப்பால் தாபோடி. அங்கே மகாராஷ்டிர மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியத் தொழிற்சாலையும், 1948ஆம் ஆண்டு ரூர்க்கியினின்று பெயர்ந்து வந்த ராணுவப் பொறியியற் கல்லூரியும் இருக்கின்றன. இப்பால் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் ராணுவத்தின் 512ஆம் எண் அடிப்படைப் பட்டறையும் உள்ளன. இரும்பைக் கடைந்தும், தட்டியும், பழையதைப் புதுப்பித்தும் பிழைக்கும் கலை இவ்வட்டாரத்தில் வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை. 2023 ஆகஸ்டு 1ஆம் நாள் முதல் போபோடியில் மெட்ரோ ரயில் நிற்கிறது. ஆயினும் அதன் தூண்களுக்குக் கீழே ஓடும் சாலையில் மோட்டார் வண்டிகளுக்குக் குறைவில்லை.

இச்சாலையில் மேற்கு நோக்கிச் செல்லும் வண்டி, லோணாவளாவைத் தாண்டியதும் போர் காட் என்னும் மலைச்சரிவில் இறங்குகிறது. புணேயில் ஆண்டுக்குச் சுமார் 70 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. லோணாவளாவிலோ 400 சென்டிமீட்டருக்கும் மேல். இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய 65 கிலோமீட்டர்தான். தூறலில் புறப்பட்ட வண்டி ஒன்றரை மணி நேரத்திற்குள் கண்ணை மறைக்கும் கொட்டுமழைக்குள் புகுந்துவிடக் கூடும். அப்போது ஓட்டுநருக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையே நிற்பவை பிரேக்கும், டயரும், முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பருமே ஆகும். முன்னிரண்டையும் பற்றிக் கவலைப்படாத வண்டிக்காரர் இலர். மூன்றாவதைப் பற்றி முதல் மழை பெய்யும் வரையில் எவரும் நினைப்பதில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. வைப்பர் நின்றுவிட்டது என்பதை உணர்ந்து, வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டுவதற்கு மூன்று நொடிகளே ஆயின என்று கொண்டாலும் 50 மீட்டர் தொலைவு ஒன்றும் தெரியாமலே கடந்துபோயிருக்கும். மலைப்பாதையின் வளைவு ஒன்றில் 50 மீட்டர் என்பது மிகப் பெரிய தொலைவு.

புணேயின் பருவநிலை வைப்பருக்கு வேறொரு வகையிலும் பகையாகும். அக்டோபருக்குப் பின் ஜூன் இரண்டாம் வாரம் வரையில், இடையில் வரும் சில கோடை மழைகளைத் தவிர, அதற்கு வேலையே இல்லை. ஏழெட்டு மாத காலம் வெயிலில் காயும்போது மூட்டுகளிலுள்ள கிரீஸ் உலர்ந்து பிசின் போலாகிறது. சாலைத் தூசி அதனோடு கலந்து அரைக்கும் பசையாக மாறுகிறது. பிறகு ஒரு நாள் மாலையில் திடீரென்று மழை இறங்க, ஓட்டுநர் பொத்தானை அழுத்துகிறார். அதுகாறும் உறங்கிய மூட்டுகள் அத்தனையும் நிமிடத்திற்கு நாற்பது தடவைக்கு மேல் ஆடத் தொடங்குகின்றன. ஜூன் மாதத்தில் பட்டறைகளுக்கு வரும் வைப்பர்க் கோளாறுகளுள் பெரும்பாலானவற்றுக்கு வித்து பிப்ரவரியிலேயே ஊன்றப்பட்டுவிடுகிறது.

கையால் ஆட்டியதும் காற்றால் ஆடியதும்

வைப்பரின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி, நியூயார்க் நகரில் பனி பெய்யும்போது டிராம் வண்டி ஓட்டுபவர் கண்ணாடியைத் திறந்துகொண்டு குளிரில் விறைத்தபடி ஓட்டுவதைக் கண்டு, உள்ளிருந்தே நெம்புகோலால் ஆட்டக்கூடிய ரப்பர்த் துடைப்பான் ஒன்றை வகுத்தார். 1903 நவம்பர் 10ஆம் நாள் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதனால் அவருக்குப் பொருள் வரவு ஏதும் ஏற்படவில்லை என்பது வருந்தத்தக்கது. கையால் ஆட்டும் முறை நெடுங்காலம் நீடித்தது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்புகளிலும் கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பில் பொருத்திய கைத்துடைப்பான்களே இருந்தன.

இடைக்காலத்தில் எஞ்சினின் உறிஞ்சு குழாயில் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு துடைப்பானை இயக்கினர். இம்முறையில் ஒரு பெருங்குறை உண்டு. மேட்டில் ஏறுவதற்காக ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்தவுடன் குழாயின் வெற்றிடம் குறைந்துவிடும், வைப்பரும் தளர்ந்துவிடும். அதாவது மலைச்சரிவில், மழையில், மிக வேண்டிய நேரத்தில் அது ஓய்வெடுத்துக்கொள்ளும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1926இல் மின்சார வைப்பரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்சார மோட்டார் நாளடைவில் வெற்றிடத்தை வென்றது. விட்டுவிட்டுத் துடைக்கும் முறையை வகுத்த ராபர்ட் கேர்ன்ஸ் 1964இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததும், பிற்பாடு பெரிய மோட்டார் நிறுவனங்களோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடியதும் தனிக்கதை.

இந்தியாவில் 1961இல் சென்னைப் பாடியில் நிறுவப்பட்ட லூக்காஸ் டிவிஎஸ் நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்கான மின்சாரக் கருவிகளைச் செய்யத் தொடங்கியது. இன்று பழைய கார் என்று நாம் சொல்லும் வண்டிகள் பலவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது. பிரீமியர் பத்மினி இந்நூற்றாண்டின் தொடக்கத்தோடு முடிந்தது. மாருதி 800, அம்பாசடர் ஆகிய இரண்டும் 2014இல் நின்றன. உதிரிப் பாகம் கடையில் எளிதாகக் கிடைக்கும் காலம் போய்விட்டபடியால், தேய்ந்ததைச் செப்பனிடும் அறிவு முன்னைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறது. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கும்போது தகுதிச் சோதனை உண்டு. வைப்பர் செவ்வனே இயங்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 101ஆம் விதி. அரசு அலுவலகங்களுக்கு உரிய 15 ஆண்டு கடந்த வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆதலால் இங்கே கூறப்படுவது பெரும்பாலும் களப்பணியாளர்களின் சொந்த வண்டிகளைப் பொறுத்ததே.

அமைப்பு

எஞ்சின் அறைக்கும் முன்கண்ணாடிக்கும் இடையே உள்ள தகட்டுப் பள்ளத்தில் வைப்பரின் இயக்க உறுப்புகள் மறைந்திருக்கின்றன. மோட்டார் வேகமாகச் சுழல்வது. அதன் முனையிலுள்ள திருகுப்பல் ஒரு பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றி வேகத்தைக் குறைக்கிறது. பற்சக்கரத்தின் தண்டில் ஒரு சிறிய கிராங்கு பூட்டப்பட்டுள்ளது. கிராங்கின் நுனியிலிருந்து ஓர் இணைப்புத் தண்டு புறப்பட்டு, வைப்பர்க் கையைத் தாங்கும் சுழல்தண்டின் அடியிலுள்ள நெம்புகோலைப் பிடித்துக்கொள்கிறது. கிராங்கு முழுச் சுற்றுச் சுற்றுகிறது. நெம்புகோல் முன்னும் பின்னும் மட்டும் ஆடுகிறது. பல வண்டிகளில் இரண்டாவது கைக்கு முதற்கையின் நெம்புகோலிலிருந்தே மற்றொரு தண்டு செல்கிறது. தண்டுகளின் முனைகளில் உருண்டைத் தலையும் அதைக் கவ்வும் நைலான் கிண்ணமும் சேர்ந்த குமிழ் மூட்டுகளோ, அல்லது ஊசியும் புஷ்ஷும் சேர்ந்த எளிய மூட்டுகளோ இருக்கும்.

இதைத் தவிர, பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றுக்கு லூக்காஸ் நிறுவனம் அமைத்த வேறொரு முறையும் உண்டு. அதில் இணைப்புத் தண்டுகள் இல்லை. பல் சுற்றிய வளையுங் கம்பி ஒன்று குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடி, சுழல்தண்டுகளின் அடியிலுள்ள சிறு பற்சக்கரங்களை ஆட்டுகிறது. அப்பற்சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை; ஆதலால் அதன் பற்களில் ஒரு பகுதியே தேயும். பெட்டியைக் கழற்றிச் சக்கரத்தை அரைச் சுற்றுத் திருப்பிப் பூட்டினால் தேயாத பற்கள் வேலைக்கு வந்துவிடும். செலவில்லாத இவ்வுபாயத்தைப் பழைய மெக்கானிக்குகள் நன்கறிவர்.

சிறு தேய்வு, பெரிய ஆட்டம்

ஒரு மூட்டில் அரை மில்லிமீட்டர் தேய்வு என்பது கண்ணுக்குப் புலப்படாத அளவு. அது ஏன் பொருட்படுத்தத் தக்கது என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கும். சுழல்தண்டின் நெம்புகோல் 50 மில்லிமீட்டர் நீளமுள்ளது என்றும், கண்ணாடியின் மேலுள்ள வைப்பர்க் கை 400 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். கீழே நேரும் ஆட்டம் மேலே எட்டு மடங்காகப் பெருகும். கிராங்கு முனையில் அரை மில்லிமீட்டரும் நெம்புகோல் முனையில் அரை மில்லிமீட்டரும் தேய்ந்திருந்தால், கையின் நுனி 8 மில்லிமீட்டர் தூரம் கட்டுப்பாடின்றி ஆடும். இரண்டாவது கைக்கு இன்னும் இரண்டு மூட்டுகள் கூடுவதால் அங்கே 16 மில்லிமீட்டர் வரை ஆகும். ஓட்டுநர் பக்கத்தைவிட மற்றப் பக்கத்து வைப்பர் முதலில் தடுமாறத் தொடங்குவதன் காரணம் இதுதான்.

ஆட்டம் அவ்வளவோடு நிற்பதில்லை. வீச்சின் இரு கோடியிலும் கை திசை மாறும்போது தளர்ந்த மூட்டு ஒருபுறத்தினின்று மறுபுறத்திற்குத் தாவி மோதுகிறது. 'டக், டக்' என்ற ஓசை இதனால் எழுவதே. நிமிடத்திற்கு 45 வீச்சு என்றால் ஒரு மணி நேரத்தில் 2,700 வீச்சுகள். ஒவ்வொன்றிலும் இரு மோதல்கள். தேய்வு மோதலை வளர்க்கிறது. மோதல் தேய்வை வளர்க்கிறது. முதல் அரை மில்லிமீட்டர் தேய்வதற்குப் பத்து ஆண்டுகள் பிடித்திருக்கலாம். அடுத்த அரை மில்லிமீட்டருக்கு ஒரே மழைக்காலம் போதும். முடிவில் நைலான் கிண்ணம் உருண்டையை நழுவவிடும். அது மழையில்தான் நழுவும். ஏனெனில் வைப்பர் ஓடுவதே மழையில்தான்.

கோளாறு எங்கே என்று காணுதல்

கழற்றுவதற்கு முன் சோதித்தறிதல் வேண்டும். கண்ணாடியை நனைத்து, வைப்பரை ஓடவிட்டு, அது தன் இருப்பிடத்தில் வந்து படுக்கும் வரையில் பார்த்திருந்து, பிறகு சாவியை அணைத்துவிட வேண்டும். கைகளின் இருப்பிடத்தைக் கண்ணாடியில் ஒட்டுநாடாவால் அடையாளமிடுவது பின்னால் பெரிதும் உதவும். இதைச் செய்யாமல் கழற்றியவர்கள் பொருத்தும்போது படும் பாடு சொல்லி முடியாது.

அடுத்து, கையின் நுனியை இரு விரலால் பிடித்து மென்மையாக இருபுறமும் அசைத்துப் பார்க்க வேண்டும். சிறிதளவு அசைவு இயல்பு. விரல் அகலத்துக்கு அசைந்தால் மூட்டுத் தேய்வு உண்டு. ஆனால் வலிந்து தள்ளலாகாது. திருகுப்பல் அமைப்பில் மோட்டாரிலிருந்து சக்தி வெளியே செல்லுமேயன்றி வெளியிலிருந்து உள்ளே செல்லாது. கையை முரட்டுத்தனமாகத் தள்ளினால் பற்சக்கரத்தின் பல் உடையும்.

அசைவு மூட்டிலா, கையின் தலையிலா என்பதையும் பிரித்தறிதல் அவசியம். சுழல்தண்டின் மேற்புறம் நுண்ணிய வரிகள் வெட்டப்பட்டுள்ளன. கையின் தலை மென்மையான உலோக வார்ப்பாதலால் அதன் உட்புற வரிகள் மழுங்கி வழுக்கும். தண்டையும் தலையையும் சேர்த்து ஒரு கோடு வரைந்துவிட்டு ஓட்டிப் பார்த்தால், கோடு பிரிகிறதா என்பதிலிருந்து விடை கிடைக்கும். பிரிந்தால் கையை மாற்றினால் போதும். கீழே கைவைக்க வேண்டியதில்லை.

தளர்ச்சியும் இறுக்கமும் வெவ்வேறு நோய்கள். வைப்பர் மெல்ல நகர்ந்து நின்று, மோட்டார் சூடாகி முனகினால், தேய்வைவிடச் சுழல்தண்டு துருப்பிடித்துத் தன் புஷ்ஷில் இறுகியிருப்பதே காரணமாக இருத்தல் கூடும். இதை அறிய, இணைப்புத் தண்டை மோட்டாரின் கிராங்கிலிருந்து பிரித்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். மோட்டார் தனியே சீராக ஓடினால் அது குற்றமற்றது. பிரித்த தண்டுகளைக் கையால் ஆட்டினால் ஒரு விரலுக்கு இணங்க வேண்டும். நல்ல மோட்டாரைக் கழற்றி வீசிவிட்டுப் புது மோட்டாரை இறுகிய தண்டில் பூட்டி, அதையும் எரித்துவிட்ட கதைகள் பட்டறைதோறும் உண்டு.

கழற்றுதல்

முதற்காரியம், பாட்டரியில் வண்டியின் உடற்கூட்டோடு இணைந்துள்ள முனையைக் கழற்றிவிடுவது. இதை எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும். இருப்பிடம் தேடி நிற்கும் வகையைச் சேர்ந்த மோட்டார், பொத்தான் அணைந்திருந்தாலும் சாவி திருப்பப்பட்டவுடன் எஞ்சிய பாதிச் சுற்றை முடிக்கப் புறப்படும். அந்த நேரத்தில் கிராங்குக்கும் தகட்டுக்கும் இடையே அகப்பட்ட விரல் நசுங்கிவிடும்.

வைப்பர்க் கையின் நட்டைக் கழற்றிய பின் தலையை அசைத்து மேலே இழுக்க வேண்டும். வராவிட்டால் மண்ணெண்ணெயுடன் சிறிது எஞ்சின் எண்ணெய் கலந்து விட்டு, அரை மணி நேரம் பொறுத்து, சிறிய புல்லர் கொண்டு இழுக்கலாம். திருப்புளியைக் கண்ணாடியின் மேல் ஊன்றி நெம்புவோர் வைப்பரோடு கண்ணாடிக்கும் சேர்த்துச் செலவு செய்ய நேரும். ஸ்பிரிங் விசையுள்ள கை, தப்பி விழுந்தாலும் கண்ணாடியில் கீறல் விழுமாதலால் கண்ணாடியின் மேல் தடித்த துணி ஒன்றை விரித்துவிடுவது நலம்.

பிறகு தகட்டு மூடி, சுழல்தண்டுகளின் பெரிய நட்டுகள், மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகள் என்ற வரிசையில் கழற்றி, அமைப்பு முழுவதையும் வெளியே எடுத்து மேசையின் மேல் வைக்க வேண்டும். வண்டியிலிருந்தபடியே செப்பனிட முயல்வது குனிந்த முதுகுக்கும் வேலைக்கும் கேடு. மோட்டார்த் தண்டிலிருந்து கிராங்கைக் கழற்றாமலிருப்பதே மேல். கழற்றியே தீர வேண்டுமாயின், தண்டிலும் கிராங்கிலும் ஊசியால் கீறி அடையாளமிட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் இணைப்புத் தண்டிலும் மூட்டு மையத்திலிருந்து மூட்டு மையம் வரையுள்ள நீளத்தை வெர்னியரால் அளந்து குறித்துக்கொள்வதும் இப்போதே செய்ய வேண்டியது. பின்னால் புது மூட்டு வைக்கும்போது இந்நீளம் மாறினால் வைப்பரின் வீச்சு ஒருபுறமாக ஒதுங்கிவிடும். மேலே கூறிய எட்டு மடங்குக் கணக்கு இங்கும் பொருந்தும். தண்டு ஒரு மில்லிமீட்டர் நீண்டால் கையின் நுனி 8 மில்லிமீட்டர் விலகிக் கண்ணாடியின் ஓரச் சட்டத்தில் இடிக்கும்.

செப்பனிடுதல்

முதலில் பார்க்க வேண்டியது உருண்டைத் தலையை. பெரும்பாலும் நைலான் கிண்ணமே தேய்கிறது. எஃகு உருண்டை நன்றாக இருக்கும். அப்படியாயின் கிண்ணத்தை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. வேறு வண்டிக்குரிய கிண்ணமாயினும் உருண்டையின் விட்டம் ஒத்திருந்தால் பொருந்தும். உருண்டையே துருவேறியோ, நீள்வட்டமாகத் தேய்ந்தோ போயிருந்தால் புதுக் கிண்ணம் சில வாரங்களில் அறுந்துவிடும். புணேயின் ஜுனா பஜார், சென்னையின் புதுப்பேட்டை போன்ற பழம்பொருட் சந்தைகளில் முழு அமைப்பும் கிடைக்கலாம். ஆனால் அங்கே விற்கப்படுவதும் ஒரு பழைய வண்டியில் தேய்ந்ததுதான் என்பதை மறத்தலாகாது. வாங்குமுன் ஒவ்வொரு மூட்டையும் அசைத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிடைக்காதபோது லேத்துப் பட்டறையே துணை. தேய்ந்த கிண்ணத்தின் இடத்தில் கடைந்த புஷ் ஒன்றை அமைப்பதில் இரண்டு விஷயங்களைச் சிந்திக்க வேண்டும்: எப்பொருளால் கடைவது, எவ்வளவு இடைவெளி விடுவது.

நைலான் எளிதில் கிடைக்கும், ஓசையின்றி ஓடும், எண்ணெய் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆயினும் அது நீரை உறிஞ்சும் தன்மையுடையது. நீரில் ஊறிய நைலான் தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு வரை நீரை ஏற்றுச் சிறிது பருக்கும். ஏப்ரலில் கச்சிதமாகக் கடைந்து பொருத்திய நைலான் புஷ் ஜூலையில் இறுகிப் பிடிப்பதன் மர்மம் இதுவே. ஆகவே சிறிய புஷ்ஷாயினும் நைலானுக்கு 0.10 முதல் 0.15 மில்லிமீட்டர் வரை இடைவெளி தருதல் வேண்டும். டெல்ரின் என்ற பெயரில் விற்கப்படும் அசிட்டால் பிளாஸ்டிக் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் மழைநாட்டுக்கு அது உகந்தது. பாஸ்பர் வெண்கலம் நீடித்து உழைக்கும். 0.05 மில்லிமீட்டர் இடைவெளி அதற்குப் போதும். ஆனால் அதற்கு கிரீஸ் இடையறாது இருக்க வேண்டும். கிரீஸ் உலர்ந்தால் ஊசியைத் தின்றுவிடும்.

இங்கே நல்ல கைவேலைக்காரரும் இடறுமிடம் ஒன்று உண்டு. வண்டியின் முன்கண்ணாடி வளைந்தது. ஆகையால் இரு சுழல்தண்டுகளும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதில்லை. மோட்டாரின் தண்டும் மற்றொரு கோணத்தில் நிற்கும். இணைப்புத் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் சிறிது முறுக்கிக்கொண்டுதான் ஓடுகிறது. அம்முறுக்கலுக்கு இடம் தருவதற்காகவே குமிழ் மூட்டு வைக்கப்பட்டுள்ளது. அதை நீக்கிவிட்டு நேரான ஊசியையும் நீண்ட உருளைப் புஷ்ஷையும் இறுக்கமாக வைத்தால், மேசையின் மேல் அழகாக ஓடும் அமைப்பு வண்டியில் பூட்டியவுடன் இறுகி நிற்கும். தண்டுகள் ஒரே தளத்தில் இயங்கும் இடத்தில் மட்டும் நேரான புஷ் போடலாம். மற்ற இடங்களில் புஷ்ஷின் துளையை நடுவில் குறுகலாகவும் இருபுறமும் சற்று விரிந்தும் கடைந்து, பக்கங்களில் ரப்பர் வாஷர் வைத்து, ஊசியின் முனையைச் சர்க்ளிப் கொண்டோ பிளவு ஊசி கொண்டோ காப்பது தகும். வெறுமனே கம்பியை முறுக்கிக் கட்டுவதும், பிளாஸ்டிக் பட்டையால் இறுக்குவதும் வீடு போய்ச் சேர்வதற்கு மட்டுமே.

சுழல்தண்டின் புஷ் தேய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். அதன் உறை துத்தநாகக் கலவையிலோ அலுமினியத்திலோ வார்க்கப்பட்டது. சுத்தியலால் அடித்தால் பிளந்துவிடும். தாங்கியின் நடுவே வைத்துப் பொருத்தமான குழாயால் மெல்ல அழுத்தி ஏற்ற வேண்டும். ஏற்றியபின் துளை சற்றுச் சுருங்குமாதலால் திடமான வெண்கலப் புஷ்ஷை ரீமரால் அளவுக்குக் கொண்டுவரலாம். எண்ணெய் ஊறிய நுண்துளைப் புஷ்ஷாயின் ரீமர் கூடாது. அது வாயில்களை அடைத்து எண்ணெய் கசிவதை நிறுத்திவிடும். அத்தகைய புஷ்ஷைச் சூடான எண்ணெயில் ஊறவைத்து, மெருகிட்ட அளவுத்தண்டு ஒன்றைச் செலுத்தி ஏற்றுவதே முறை.

தண்டின் மேற்புறத்து ரப்பர் வளையம் சிறிய பொருள். ஆனால் நீர் கீழே இறங்குவதும் துரு தொடங்குவதும் அதன் வழியாகத்தான். அதைப் புதிதாகப் போடாமல் செய்த செப்பனிடுதல் அடுத்த ஆண்டே திரும்பி வரும். பூட்டும்போது மூட்டுகளில் லித்தியம் கிரீஸ் இட வேண்டும். துடைக்கும் ரப்பரிலோ கண்ணாடியிலோ அது படலாகாது. பட்டால் இரவில் எதிர்வரும் விளக்கொளி கண்ணாடி முழுதும் பரந்து கண்ணைக் கூசச் செய்யும்.

பூட்டிய பின் கைகளைப் பொருத்துமுன்னரே பாட்டரியை இணைத்து, மோட்டாரை ஓட்டி, இருப்பிடத்தில் நிற்கவிட வேண்டும். அதன் பிறகே கைகளை ஒட்டுநாடா அடையாளத்தின் மேல் வைத்து நட்டை இறுக்குவது. முதல் ஓட்டம் நனைந்த கண்ணாடியில் மெதுவான வேகத்திலும், அடுத்தது விரைந்த வேகத்திலும் இருக்க வேண்டும். விரைந்த வேகத்தில் வீச்சு சற்றே அகலும் என்பது நினைவிருத்தல் நன்று. மெதுவான ஓட்டத்தில் ஓரச் சட்டத்தை மயிரிழையில் தவிர்த்த கை விரைந்த ஓட்டத்தில் இடிக்கலாம். கையின் ஸ்பிரிங்கையும் இச்சமயத்தில் சோதித்துவிடலாம். ரப்பரின் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்துக்கும் சுமார் 15 கிராம் அழுத்தம் வேண்டும். 40 சென்டிமீட்டர் ரப்பருக்கு இது 600 கிராம். ஸ்பிரிங் தராசு கொண்டு கையின் நுனியைத் தூக்கிப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும்.

வகுப்பறையில்

ஆசிரியர்களுக்கு இவ்வமைப்பு நல்ல பாடப்பொருளாகும். கிராங்கு, இணைப்புத் தண்டு, நெம்புகோல், இவற்றைத் தாங்கும் நிலையான சட்டம் என்ற நான்கும் சேர்ந்ததை இயந்திரவியலார் நாற்றண்டு இயக்கம் என்பர். தையல் இயந்திரத்தின் மிதிப்பலகையிலும் இதுவே இருக்கிறது. பலகை ஒன்றில் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணிகளை அடிக்க வேண்டும். தடித்த அட்டையில் வெட்டிய கிராங்கு 3.5 சென்டிமீட்டர், இணைப்புத் தண்டு 15 சென்டிமீட்டர், நெம்புகோல் 5 சென்டிமீட்டர். அளவுகள் யாவும் துளை மையத்திலிருந்து துளை மையம் வரை. மூட்டுகளுக்குக் குண்டூசி போதும். கிராங்கைச் சுற்றினால் நெம்புகோல் ஏறக்குறைய 90 பாகை வீசி ஆடும். நெம்புகோலோடு 40 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குச்சி ஒன்றைச் சேர்த்துக் கட்டினால் வைப்பர் உருவாகிவிடும்.

இப்போது நெம்புகோலின் மூட்டுத் துளையை மூன்று மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டலாம். கிராங்கை அசையாமல் பிடித்திருக்கும்போதே குச்சியின் நுனி இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் ஆடுவதை மாணவர் தம் கண்ணால் காண்பர். தேய்வு பெருகும் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவதைக் காட்டிலும் இது மனத்தில் பதியும்.

கிராங்கின் நீளத்தை மாற்றியும் பார்க்கச் சொல்லலாம். 4.5 சென்டிமீட்டராக்கினால் வீச்சு சுமார் 130 பாகையாக விரியும். வண்டியில் இப்படி நேர்ந்தால் கை கண்ணாடியைத் தாண்டிச் சென்றுவிடும். 5.2 சென்டிமீட்டர் கிராங்கைப் பூட்டினால் அது முழுச் சுற்றுச் சுற்றவே சுற்றாது. கிராங்கும் இணைப்புத் தண்டும் ஒரே நேர்கோட்டில் நீளும்போது அவற்றின் கூட்டுநீளம் 20.2 சென்டிமீட்டர், சட்டமும் நெம்புகோலும் சேர்ந்து தரும் நீளமோ 20 மட்டுமே. அந்நிலையை எட்டுவதற்குமுன் அட்டை வளைந்து நின்றுவிடும். மிகக் குறுகிய தண்டும் மிக நீண்ட தண்டும் சேர்ந்த நீளம் மற்ற இரண்டின் கூட்டுக்கு மேற்படாமலும், கிராங்கே எல்லாவற்றிலும் குறுகியதாகவும் இருந்தால்தான் அது முழுதும் சுற்றி நெம்புகோலை ஆட்டும் என்பது ஜெர்மானியப் பொறியியலார் பிரான்ஸ் கிராஷாப் வகுத்த விதியின் ஒரு கூறு. வேறொரு வண்டியின் கிராங்கு தண்டில் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதற்காக அதை எடுத்துப் பூட்டிய மோட்டார் ஒரே நிமிடத்தில் புகைவது இதனால்தான்.